வரிசை

கடல் காட்டுகிறேன் வா என்றுதான்
சங்ககிரியில் ஏற்றிக்கொண்டார்.
காட்டினார்.
எண்ணூர் விரைவுச் சாலையில் இடப்பக்கம்
முப்பது மணி நேரமாய் அதே கடல்,
அதே கருங்கல் குவியல்,
முன்னால் அதே கன்டெய்னரின் துருப்பிடித்த கதவு.
ஜீரோ கேட் வரைக்கும் எத்தனை வண்டி என்று
எண்ணப் போன கிளீனர் பையன்
டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆண்களுக்கு டயர் இருக்கிறது.
நான் இருட்டட்டும் என்றிருந்தேன்.
இருட்டியதும் கம்பத்துக்குக் கம்பம் பகல் எரிந்தது.
அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை,
நாக்கை நனைத்துத் துப்பிக்கொண்டேன்.
"ஏம்புள்ள, மூஞ்சி வெளிறிக் கெடக்குது?"
"கடக் காத்துங்க."

காலையில் இட்லி விற்க ஒருத்தி வந்தாள்.
அவருக்கு நாலு வைத்தாள்.
எனக்கு வேண்டாம்.
டீ? வேண்டாம்.
தண்ணி பாக்கெட்?
மூன்றாவது வேண்டாமில் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மே, எப்பத்திலேர்ந்து அடக்கிக்கினு கீறே?"

நாலு வண்டிக்குக் கேட்கிற குரல்.
அவருக்குத் திடீரென்று
பக்கக் கண்ணாடியில் ஏதோ வேலை வந்துவிட்டது.
"எறங்கு. கிட்னி பூட்ச்சின்னா ஓனரா குடுப்பான்?
எறங்குன்றேன்."

தோள் உரசும் சந்து.
ஒரே ஃபேனுக்கடியில் மூன்று பேர் தூங்கினார்கள்,
கால்களைத் தாண்டிப் போனோம்.
தகரக் கதவு, தாழ்ப்பாளுக்கு வளைத்த ஆணி.
என் செருப்பை வாசலில் விடச்சொல்லி
வீட்டு ரப்பர் செருப்பைத் தள்ளிவிட்டாள்.
ஒரு குடம் தண்ணீர்,
விடியக்காலையில் லாரிக்கு நின்று பிடித்தது.
"எங்களுக்கும் லைனுதான்.
நீ பாத்துகினு ஊத்தாத, நல்லா ஊத்து" என்றாள்.
வெளியே காவலுக்கு நின்றுகொண்டு
யாரையோ எதற்கோ வைதுகொண்டிருந்தாள்.
அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கூச்சம் போனது.

திரும்பி வந்தால் சாலையில் வேறு லாரி.
வேறு முகங்கள்.
முப்பது மணி நேரம் நகராத வரிசை
நான் முகம் கழுவும்போது நகர்ந்திருக்கிறது.

"நம்பரு இன்னா?"
பதினெட்டு வருடமாய் அந்த வண்டிதான் சோறு போடுகிறது.
நம்பர் தெரியவில்லை.
"முன்னாடி தாரணி, கவின்னு எழுதியிருக்குங்க..."
சொல்லும்போதே அழுதுவிட்டேன்.
"ஏ ஜெசிந்தா! ஸ்கூட்டிய எட்றீ!"

கல்லூரிக்குக் கிளம்பி நின்ற பெண்,
ஈரத்தலை.
கன்டெய்னருக்கு முதுகில் பெயர் இருக்காது.
ஒவ்வொரு வண்டியாய் முந்திப்போய்
திரும்பித் திரும்பி நெற்றியைப் படித்தேன்:
நிவேதா, சுபிக்‌ஷா, முகில், ஆயிஷா,
அழிந்துபோன ஒரு பெயர்,
புதிதாய் எழுதிய ஒரு பெயர்.
எவ்வளவு குழந்தைகள்
சோறு தண்ணியில்லாமல் வெயிலில் நின்றிருந்தன.

காசிமேடு தாண்டி அவரைப் பார்த்தேன்.
வண்டியை நகர்த்த மாட்டேன் என்று
இறங்கி நடுரோட்டில் நிற்கிறார்.
முன்னால் பத்து வண்டி இடம் காலி,
பின்னால் வடசென்னை மொத்தமும் ஹார்ன்.
"அம்மா பேரென்ன கண்ணு?" என்று கேட்டேன்.
அவள் என்னமோ சொன்னாள்.
கேட்கவில்லை. கிளாஸுக்கு நேரமாகிவிட்டது.

கேட்டுக்குள் நுழையும்போதுதான் பார்த்தேன்,
காலில் அந்த வீட்டுச் செருப்பு.
இடது நீலம். வலது பச்சை.

அதற்கப்புறம் மூன்று லோடு போய்வந்தார்.
மூன்று முறையும் செருப்பைக் கழுவித் துடைத்து
ரெண்டு படி நிலக்கடலையோடு பையில் கட்டிவிட்டேன்.
மூன்று முறையும் பை திரும்பி வந்தது.
"நிக்கவே உடல புள்ள,
சல்லுன்னு உள்ள அனுப்பிட்டான்."

நேற்று ராத்திரி போன்.
துறைமுகத்தில் என்னமோ மெஷின் பழுதாம்,
திருவொற்றியூர் தாண்டி வரிசையாம்,
ரெண்டு நாள் ஆகுமாம்.
குரலெல்லாம் சலிப்பு.
"அய்யோ" என்றேன், அவருக்காக.
பிறகு சொன்னேன்,
"பை சீட்டுக்கடியில இருக்குதுங்க."