அரைப்பேர்

நோர்வுட்டில் பஸ் மாறி, பிறகு கொழுந்து லொறியில் தொற்றி
எட்டரைக்கு வந்து இறங்கினேன்.
பையில் கிரிம்பர், இருபது மீற்றர் வயர்,
நேற்றைய ரொட்டி ஒன்று.

"இசட் டிரைவைக் காணோம் தம்பி"
என்றார் பெரிய கிளாக்கர் மரியநாயகம்,
மாடு தொலைத்தவர் மாதிரி.
"நேத்துக்கூட இருந்திச்சு."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

திரையில் இசட் இருக்கத்தான் செய்தது,
மேலே சின்னதாய் ஒரு சிவப்புப் புள்ளடி,
வேலைக்கு வராதவர்களுக்குச் செக்றோலில் போடுவதுபோல.

வயரைப் பார்த்தேன். எலி தொடவில்லை.
சுவிட்சில் பச்சை விளக்கு சிமிட்டியது.
பாஸ்வேர்ட் மாத்தினீங்களா?
இல்லவே இல்லை என்றார்;
மேசைக் கண்ணாடிக்கடியில்
மை காயாத புதுத் துண்டு.
பழையதை மறக்கச் சொல்லிப் புதியதைக் கொடுத்தேன்.
புள்ளடி அசையவில்லை.

ஸ்டோர் கம்பியூட்டரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.
அப்படி ஒருவரும் இல்லை என்றது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும்
நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
உடனே "ஓய்" என்றது.

ஜன்னலுக்கு வெளியே நின்றவள் சிரித்தாள்.
"எங்களையும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க.
நாநூத்திப் பதினேழு."
வேதநாயகி என்பதைப் பிறகுதான் சொன்னாள்.
இடுப்பில் கட்டிய படங்கு சொட்டிக்கொண்டிருந்தது.
பத்தொன்பதாந் தேதி அவளுக்கு அரைப்பேர் விழுந்திருக்கிறது.
முழுப்பேருக்குப் பறித்தாளாம்.
"டிரைவு வந்தாப் பாக்கலாம்" என்று
மூன்று நாளாய்த் திருப்பி அனுப்புகிறாராம்,
நேற்றுக்கூட இருந்தது என்றவர்.

கரண்ட் போய் வரும்போதெல்லாம்
ஆபிஸ் கம்பியூட்டர்தான் முதலில் எழும்புகிறது.
லைன் எழும்புமுன்னே இசட்டைத் தேடுகிறது,
இல்லையென்று எழுதி மூடிவிடுகிறது.
பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தியவனை
லயத்துக்கே விரட்டும் கங்காணி.
பிறகு ஆள் வந்து முன்னால் நின்றாலும்
நிமிர்ந்து பார்க்காது.

லைன் வரும்வரை பொறு என்று கட்டளை எழுதினேன்.
ஸ்டோருக்கு நிரந்தர நம்பர் கொடுத்தேன்,
பேரையும் ஒரு மூலையில் பதிந்து வைத்தேன்.

பத்து இருபதுக்கு இசட் வந்தது.
வந்த கையோடு ஒரு கேள்வி கேட்டது:
ஒரே பேரில் இரண்டு கோப்பு,
இரண்டும் மாறியிருக்கின்றன,
எதை வைத்துக்கொள்ள?

பத்தொன்பதாந் தேதி.
பின்னேரம் மூன்று மணிக்கு மேப்பிரிவில் பனி இறங்க
லைன் விழுந்திருக்கிறது.
அந்திக் கொழுந்து நிறுத்த பையன்
தன் மெசினிலேயே பதிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.
கீழே அந்தி நிறுவை வந்துசேரவேயில்லை.
வராததை வைத்து இராத்திரி பேர் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டோர் கோப்பில் நாநூற்றுப் பதினேழு: பதினாலு கிலோ.
மலைக் கோப்பில்: இருபது.
கீழே இழுத்துப் பார்த்தேன்.
அவள் மட்டுமல்ல, முப்பத்தெட்டுப் பேர்.

"சம்பளக் கணக்கு கொழும்புக்குப் போயிருச்சே"
என்றார் மரியநாயகம், திரையைப் பார்க்காமல்.
"ஸ்டோர்ல உள்ளதையே வைங்க தம்பி."

மூன்று பொத்தான்கள்.
இது. அது. இரண்டும்.
எனக்கென்ன, நான் டிரைவ் தேட வந்தவன்.
இரண்டும் என்பதை அழுத்தினேன்.

பிறகு பிரிண்டரையும் பார்க்கவேண்டியிருந்தது;
இசட்டிலிருந்து ஒரு பக்கமாவது வந்தால்தானே
வேலை முடிந்ததென்று சொல்லலாம்.
வந்த பக்கம் மலைக் கோப்பின் முதல் பக்கம்.
இன்னும் சூடு ஆறவில்லை என்று
ஜன்னல் பலகையில் வைத்தேன்.

மரியநாயகம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்,
நெடுநேரம் துடைத்தார்.

படியிறங்கும்போது பின்னால் வேதநாயகியின் குரல்,
நம்பர்களை விட்டுவிட்டுப்
பேர்களை மட்டும் எழுத்துக்கூட்டி,
மலைக்குக் கேட்கிற சத்தத்தில்.

நோர்வுட் வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது,
பில்லில் பேப்பர் ஒன்று என்று எழுதவில்லை.