இரண்டு விரல் இறக்கி

களியக்காவிளைக்குப் போகிற லாரியின்
தார்ப்பாய் மூடாத விளிம்பிலிருந்து,
குழித்துறைப் பாலத்துக்கு இப்புறம்
ஒரு ஜல்லி இறங்கி வந்தது.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு.
டிக் என்றது, அவ்வளவுதான்.

முதல் நாள் நட்சத்திரம்.
ஏசி போட்டு வந்த இரவில் அது வேர்விட்டது.
ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது ஒரு சாண்.
திங்கட்கிழமை வேளிமலையைக்
குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றது.
அந்தக் கல்லும் ஏதோ ஒரு மலையில் வெட்டியதுதானே.

கொச்சியிலிருந்து வந்த முதல் கண்ணாடியில்
கேமரா உட்கார இடம் இல்லை. திருப்பி அனுப்பினோம்.
பதினோரு நாள் கழித்து வந்ததை
தக்கலை ஒர்க்‌ஷாப்பில் ரெதீஷ்,
சூரை மீனின் செவிளைப் பார்ப்பதுபோல்
விளிம்பெல்லாம் புரட்டிப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டான்.

'சாவிய தூரக் கொண்டு வையும் ஓய்,
இது சத்தமில்லாம முழிச்சிருக்கிற வண்டி.'
எதிர்த்த டீக்கடையில்
மட்டிப் பழக்குலைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

உதவிக்கு வரும் பையனுக்குக் காய்ச்சல்.
அதனால் நான் உள்ளே, அவன் வெளியே.
பசையை அறுக்கும் மெல்லிய கம்பி
ஒருமுறை என் பக்கம், ஒருமுறை அவன் பக்கம்.
மரம் அறுப்பவர்கள்போல் பேசாமல் இழுத்தோம்.
இடது மூலை வந்தபோது என் கை நின்றது.
'என்னவோய்?'
ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லைதான்.
மழைநாளில் உள்ளே ஆவி படியும்போது
அந்த மூலையில் ஐந்து விரல் தெரியும்.
குவைத்துக்கு விமானம் ஏறிய அன்று
திருவனந்தபுரம் வரைக்கும்
பெனிலா கால் நீட்டி வந்தது.
பெருவிரல் மட்டும் கொஞ்சம் விலகி.
இரண்டு வருஷம் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான்
துணி போட்டேன்.
சர்வேயர் எழுதிய தாளில்
கண்ணாடி, பசை, ரப்பர் பட்டை, கூலி
என்று நாலு வரி இருந்தது.

'இழும் ஓய்.'
இழுத்தேன்.

நாலு மணி நேரம் காயவிட்ட பிறகு
ஹெப்சி வந்தாள், லேப்டாப்பும்
கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையுமாக.
சமதளம் வேண்டுமாம்.
இந்த ஜில்லாவில் அதற்கு எங்கே போவது,
ஏற்றம், இல்லையென்றால் குளம்.
கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால்.
மேசைகளை ஒதுக்கி, சாம்பார் வாடைக்கு நடுவே
வண்டிக்குக் கட்டத்தைக் காட்டினாள்.
'ஒரு டிகிரி தப்பினா, அம்பது மீட்டருக்கு அங்க
ஒரு ஆளு தள்ளி நிப்பாரு சாரே.'

இனி கோடு தெளிவாக இருக்கிற ரோட்டில் ஓட்ட வேண்டும்.
மார்த்தாண்டத்தில் கோடு என்பது ஒரு விசுவாசம்.
ஆரல்வாய்மொழிக்குப் போனோம்.
கணவாய்க் காற்று வண்டியை இடித்துக்கொண்டே இருக்க,
கேமரா தேடித் தேடி,
திரையில் இரண்டு கோடும் பச்சையாயின.
'படிச்சிட்டு' என்றாள் ஹெப்சி.

திரும்பும்போது ஒரேயொரு தடவை
இடது மூலையைப் பார்த்தேன்.
பீப் என்றது. ஸ்டியரிங் என் கையை மெல்லக்
கோட்டுக்குள் இழுத்துப் போட்டது.
ஹெப்சி போனிலிருந்து நிமிரவில்லை.

'ராத்திரி கதவ அறைஞ்சு சாத்தாண்டாம்,
ஒரு கண்ணாடிய இரண்டு விரல் இறக்கி வையும்,
பசைக்கு மூச்சு முட்டப்பிடாது.'
ரெதீஷ் சொன்னதுதான்.
இடது பக்கத்தை இறக்கினேன்.

பன்னிரண்டு மணிக்கு மழை.
குடை எடுக்காமல் போய்ப் பார்த்தேன்.
இருக்கை நனைந்து கிடந்தது.
புதுக் கண்ணாடி முழுக்க ஆவி,
மூலைக்கு மூலை வெள்ளையாக.

போட்டோ எடுத்து அனுப்பினேன்.
குவைத்தில் ஒன்பதரை.
உடனே பதில் வந்தது:
'என்ன இது,
ஒண்ணும் தெரியல்லியே.'