பணி முறிவு

நேற்றோடு என் பதினொரு மாதம் முடிந்தது.
நாளை அடுத்த பதினொன்று.
நடுவில் கிடக்கும் இன்றைக்குக்
கோப்பில் பெயர் பணி முறிவு.
தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று
எந்த நீதிமன்றத்திலும் சொல்லிவிடாதபடி
என்னை ஒரு நாள் இல்லாமல் ஆக்கும் ஏற்பாடு.
இது ஐந்தாவது முறை.

அருப்புக்கோட்டைக்குப் போய்வர ஒரு நாள் போதாது.
அறையில் இருந்தால் குளிர்.
ஆய்வகத்துக்கே வந்தேன்.
காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டி,
நினைவு வந்து இழுத்துக்கொண்டு,
பார்வையாளர் ஏட்டைத் திறந்தார்.
வந்த நோக்கம்:
சொந்த வேலை.

பத்து மணிக்கு போஜன் வந்தார், இத்தலார்ப் பக்கம்.
காரட் இறக்கிய ஜீப்.
கையில் மண்,
மலையில் தடைசெய்த நெகிழிப் பையில்.
"வடக்கு மேட்டுல செடி மஞ்சளா நிக்குதும்மா.
விதைக்கிழங்குக்கு முன்பணம் வாங்கிட்டேன்."

மாதிரி எண் போட மார்க்கரை எடுத்தேன்.
எண் எனக்கே இல்லை.

ஹீட்டர் மேல் பரப்பிக் காயவைத்து,
குவளையில் கொட்டி, நீரைப் பாய்ச்சினேன்.
மண் அமிழ்ந்தது.
கூடுகள் மேலே வந்தன,
கசகசாவிலும் சின்னதாக, பழுப்பாக.

கூடு என்பது ஒரு தாய்.
வேரில் வாய் வைத்தபடியே வீங்கி,
இறந்து, தோல் இறுகி,
உள்ளே முந்நூறு முட்டைக்குச் சுவரானவள்.
இருபது வருடம்கூடக் கிடப்பாள்,
உறைபனிக்கும் மருந்துக்கும்
பட்டா மாறுவதற்கும் அசையாமல்.
உருளை வேர் கசியும் ஒரு துளி
இறங்கி வந்து தொடவேண்டும்.
பிறகுதான் திறப்பு.

இதை எங்கள் துறையில் உறக்கநிலை என்போம்.
எங்கள் வீட்டில்,
"இன்னும் செட்டில் ஆகலை."

நெட் தேறி எட்டு வருடம்.
நான்காம் அத்தியாயம்
வழிகாட்டியின் மேசையில் இரண்டு மழை பார்த்துவிட்டது.
கட்டுரைகள் ஆறு,
எதிலும் மூன்றாவது பெயருக்கு முன்னால் நான் வந்ததில்லை.
உதவித்தொகை ஏழு மாத பாக்கி.
போன நேர்காணலில்
நூற்புழு பற்றி ஒரே ஒரு கேள்வி,
கல்யாணம் ஆனால் மலையில் இருப்பீர்களா என்று நான்கு.

தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினேன்.
நூறு கிராமில் நாற்பத்தொன்று.
ஒன்றை உடைத்துப் பார்த்தேன்.
உயிரோடு.

வடக்கு மேடு
என் வரைபடத்தில் வெள்ளையாக விட்டிருந்த இடம்.
புதிய பரவல். தனிக் கட்டுரை. முதல் பெயர்.
முதலில் வந்தது சந்தோஷம்தான்,
அதை மறைத்து இதை எழுத முடியாது.
அவர் முன்பணம் நினைவுக்கு வர
கொஞ்ச நேரம் ஆனது.

போஜன் வர்க்கி வாங்கி வந்திருந்தார்,
எனக்கும் சேர்த்து.
"எத்தனைம்மா?"
சொன்னேன்.
தேநீரில் முக்கிய வர்க்கியை
எடுக்க மறந்துவிட்டார். அது கரைந்து அடியில் போனது.

"எழுதிக் கொடுப்பியா?"
"இன்னைக்கு நான் இல்லீங்க.
நாளைக்குத்தான் இருப்பேன்."
"எழுதினா சான்று கிடைக்காதில்ல?"
"கிடைக்காது."
"எழுதலைன்னா?"
வாங்குகிறவன் நிலத்துக்கும் போகும் என்றேன்.
அவனுக்குப் பின்னால் உழுகிறவனுக்கும்.

கொஞ்ச நேரம் தைல மரங்களைப் பார்த்தார்.
"அப்ப இன்னைக்கு நானும் வரலை"
என்று எழுந்தார்.
கோபமில்லை. சிரிப்பு மாதிரியும் இல்லை.
பையை மேசையிலேயே விட்டுப் போனார்.
மறந்தாரா என்று தெரியவில்லை.

ஜீப் கிளம்பியபின்தான் உறைத்தது,
சக்கரம் கழுவச் சொல்லவில்லை.
பழகிப்போன வாக்கியம்,
ஐந்து வருடமாய்
எல்லோரிடமும் சொல்கிறேன், செருப்பு, மண்வெட்டி, சக்கரம்.
ஓடினேன்.
இரண்டாம் கொண்டை ஊசி வளைவில்
சத்தம் மட்டும் கேட்டது.

ஜீப் நின்ற இடத்தில்
சக்கரத் தடத்தின் அச்சோடு
உதிர்ந்து கிடந்தது வடக்கு மேடு.
பொடி விடாமல் வழித்து அள்ளினேன்.
காகித உறையில் எண்ணுக்கு இடம் விட்டு
இன்றைய தேதியை எழுதினேன்.