கூடுதலாக ஒரு தலை

"சாரணர் படைக்கு யாரு பொறுப்பெடுக்கிய?"
எல்லா அப்பாக்களும் செல்போனுக்குள் குனிந்தார்கள்.
நான் நிமிர்ந்து தொலைத்தேன்.

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவன்.
முடிச்சென்றால் சாரத்து முடிச்சுதான் தெரியும்.

மணிமுத்தாறு முகாம். ராத்திரி பத்து.
டார்ச்சடித்துத் தலை எண்ணுகிறேன்.
இருபத்தி நாலு.
பாளையங்கோட்டையில் பஸ் ஏறியது
இருபத்தி மூணு.

குறைந்தால் செய்யவேண்டியது
பயிற்சியில் சொன்னார்கள்.
கூடினால்?

ஓரத்துப் போர்வைக்குள்
ரெண்டு கண் இறுக மூடிக்கொண்டன.
சாயங்காலம் விறகு காட்டிய பயல்.
அவன் கழுத்தில் ஸ்கார்ஃப்;
பக்கத்தில் ஆதிலிங்கம் கழுத்து
வெறுமனே கிடக்கிறது.

அணை வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன்.
"ஒம்ம பயல் இங்கெதான்."
"கெடக்கட்டும் சார். வையாதிய."

பதிவேட்டில் இருபத்தி நாலென்று எழுதி
கையெழுத்தும் போட்டேன்.

மீட்டரில் இப்படி எழுதினால்
சஸ்பெண்ட்.