பதினோரு ‘இ’

வைகையில் வெள்ளம். அச்சு ஏற்றிய வண்டி
நான்கு நாள் அக்கரையிலேயே நின்றது.
சுங்கச் சாவடிக்காரன் பெட்டியைத் திறந்து
ஒரு பிடி அள்ளிப் பார்த்தான்.
“ஈயம். யாரைச் சுடப் போகிறீர்கள்?”
ஹார்ட்வெல் ஐயருக்குக் கேள்வி பிடித்துப்போனது.
முதல் தலையங்கமே அதுதான்.

‘மலையடித் தூதன்’, பெரியகுளம்.
பதினைந்து நாளுக்கு ஒன்று, விலை அரையணா.
சந்தாதாரர் நாற்பத்தேழு,
வாசிக்கத் தெரிந்தவர் பதினாறு.
கம்பத்துக்காரர் ஒருவர் சந்தாவுக்குச் சாமை அனுப்பி
மழை எப்போது என்று போடுவீர்களா எனக் கேட்டிருந்தார்.
போடவில்லை.

நான் எழுத்துக் கோக்கிறவன்.
வேதம் எனக்குத் தலைகீழாகத்தான் தெரியும்.
பட்டணத்தில் வார்த்து வந்த எழுத்தில்
‘இ’ மொத்தம் பதினொன்று.
கணக்குப் போட்டவன் தமிழனாக இருக்க மாட்டான்.
பதினோரு தரம் இயேசு என்று சொல்லலாம்,
பன்னிரண்டாம் தரம் கர்த்தர்.
ஐயர் எண்ணி எண்ணிப் பிரசங்கம் எழுதப் பழகினார்.
‘இல்லை’ என்ற சொல்லே
எங்கள் பத்திரிகையில் இல்லை.

ஆடியில் பேதி வந்தது.
உபதேசியார் மாசிலாமணி தென்கரையில் வீடு வீடாகப் போய்
பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார்,
சபையார், சபையில் சேராதவர், எல்லோரையும்.
இருளாயி.
இருளப்பன்.
மறுபடி ஓர் இருளாயி, கீழத்தெரு.
இருளாண்டி மகன், வயது இரண்டு.

இறந்தவர்களை ‘மாண்டோர்’ என்று மாற்றிவிட்டேன்.
பெயரை எதைக் கொண்டு மாற்ற?

கருத்தாண்டி மை உருளையோடு உட்கார்ந்தே தூங்கினான்.
கோத்து முடித்த பிரசங்கத்துக்குள்
இடுக்கியை விட்டேன்.
முதல் பத்தியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு,
ஆமென் பக்கத்தில் இரண்டு.
பிடுங்கிய இடமெல்லாம் ‘அவர்’.

விடிந்ததும் ஐயர் மாதிரித் தாளைப் பிடித்தார்.
அவர் வந்தார், அவர் தொட்டார், அவர் அழுதார்.
“எவர்?” என்றார்.
நான் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன்.
விரல் வைத்துப் பெயர் பெயராக இறங்கினார்.
அவர் நாக்குக்கு ‘ள’ வராது.
இருளாயி என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார்,
மூன்றும் வேறு வேறு பெண்கள் ஆனார்கள்.
பிறகு கருத்தாண்டியை எழுப்பி
“இழு” என்றார்.

அந்த இதழுக்கு எழுத்தறியாதவர்கள் வந்தார்கள்.
எங்கே, தொட்டுக் காட்டு என்றார்கள்.
மை காயவில்லை.
இருளாண்டியின் விரலில் ஒட்டிக்கொண்டது பாதிச் சொல்,
இடம் வலம் மாறி,
நான் மட்டும் வாசிக்கிற மாதிரி.

மத்தியானம் பட்டணத்துக்குக் கடிதம் போட்டோம்:
‘இ’ நூறு அனுப்பவும்.
தை மாதம் வந்தது. எண்பது.