புள்ளி

சோமூரில் காளான் குகைகளைத் தாண்டினால்
பழைய இரும்புக் கிடங்கு.
எடைமேடையை ஒட்டிய கண்ணாடிக் கூண்டில்
ஒன்பது வருடமாக நான்.
சட்டையில் குத்திய அட்டையில் ஒஷம்மா என்றிருக்கும்.
ஒச்சம்மா இவர்கள் வாயில் வராது.
திருத்துவதை விட்டுவிட்டேன்.

எடையை எந்திரம் பார்த்துக்கொள்ளும்.
என் வேலை எழுதுவது.
விற்பவர் பெயர், முகவரி, அடையாள அட்டை எண்,
பொருள் எங்கிருந்து வந்தது.
கறுப்பு அட்டைப் பேரேடு.
அதன் பெயரே இங்கே போலீஸ் புத்தகம்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்து
காரைக்காலில் வாழ்க்கைப்பட்டு
இந்த நாற்காலிக்கு வந்ததைச் சொன்னபோது
போனில் அப்பாவிடம் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு இருமலா சிரிப்பா, ஏதோ ஒன்று.

அவரைப் பெற்றவரும் ஒரு பேரேட்டில் இருந்தார்.
பத்து விரலும் மையில் முக்கி.
திருடியவர் பெயரை அல்ல,
பிறந்தவர் பெயரை எழுதிய பேரேடு.
சந்தைக்குப் போக ராதாரிச் சீட்டு.
ராத்திரிப் படுக்கை சாவடியில்;
பதினொன்றுக்கு ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை
பேர் கூப்பிடுவார்கள்.
அப்பா பிறந்த அன்று
மேட்டில் யாரோ கொள்ளியைச் சுழற்றினார்களாம்,
ஆண் என்றால் மூன்று சுற்று.
எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாராம்.
எழுந்து நின்றால் அதையும் எழுதுவார்கள்.

வியாழன்தோறும் நொயெமி எல்ஃப்ரிக் வருவாள்,
ஆற்றோரக் கூண்டுவண்டி முகாமிலிருந்து.
சலவை எந்திர உருளை, ஈயக் குழாய்,
ஒருமுறை முழுசாய் ஒரு பித்தளைக் கட்டில்.
கேட்கும் முன்னே அட்டையை நீட்டுவாள்,
கை ஓங்கும் முன்னே முகம் திருப்புகிறவளைப் போல.

ஒரு மழைநாளில் வண்டிக்குள்ளிருந்து
ரப்பர் வளையம் போட்ட பழுப்புப் புத்தகத்தை எடுத்தாள்.
நாடோடி என்றால் கையில் இருந்தாக வேண்டும், அந்தக் காலத்தில்.
குடும்பத் தலைவரின் வலது காது நீளம்,
இடது பாதம், நடுவிரல், தலையின் அகலம்.
நாலு வயதில் அவள் அப்பாவுக்கு
விரல்ரேகை மட்டும்.
துவரம்பருப்பு அளவில் பத்துக் கறை.
ஊருக்கு ஊர் முத்திரை:
வந்தார்கள். போனார்கள். வந்தார்கள்.
எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது.
மழை விட்டுவிட்டது.
முப்பத்தெட்டு கிலோ, என்றேன்.

போன மாதம் இரண்டு ஜெண்டார்ம்கள்.
ரயில்பாதைச் செம்புக் கம்பி காணோமாம்.
குழாய்க்காரர் கெர்வே,
மடத்துக் கன்னியாஸ்திரீ,
நகரசபை உறுப்பினரின் மைத்துனர்,
எல்லாரையும் தாண்டிப் போனது
எச்சில் தொட்ட விரல்.
'இதில் வண்டிக்காரர்கள் யார் யார்?'
'அதற்குப் பத்தி இல்லை, ஐயா.'
'தெரியும்' என்று
மேசைப் பென்சிலை என் பக்கம் உருட்டினார்.
'பேருக்கு மேலே சின்னதாய் ஒரு புள்ளி. போதும்.'
மரியாதையாகத்தான் சொன்னார்.
கிறிஸ்துமஸ் வாழ்த்தும் சொன்னார்.

எங்கள் ஊரில் கேடி என்றொரு வசவு உண்டு.
போலீஸ் லெட்ஜரில் பேருக்கு எதிரே கிடந்த
இரண்டு இங்கிலீஷ் எழுத்து
எப்படியோ தெருவுக்கு வந்து
சொல்லாகிவிட்டது.
பிள்ளைகளைச் செல்லமாகக்கூட அழைப்போம்.
தமிழில் தலையில் புள்ளி வைத்தால்
எழுத்தை விட்டு உயிர் போய்விடும்.
மெய் மட்டும் நிற்கும்,
வாய்க்குள்ளேயே.

கிடங்கு மூடியபின் பென்சிலைச் சீவினேன்.
கெர்வேக்கு ஒரு புள்ளி.
கன்னியாஸ்திரீக்கு ஒன்று.
மைத்துனருக்கு இரண்டு, கை தவறி.
பக்கம் பக்கமாய் எல்லாருக்கும் வைத்து
நொயெமியிடம் வந்து நின்றேன்.
வைத்தால், அவர் சொன்னதைச் செய்தவளாவேன்.
வைக்காவிட்டால்
அவள் ஒருத்திதான் தனியாகத் தெரிவாள்.

வெளியே எடைமேடையில் யாரும் இல்லை.
காற்றுக்கு எண் ஆடிக்கொண்டிருந்தது,
சுழியம், இரண்டு, சுழியம்.