சியாஸோவில் நாலு நிமிடம்

ஐரோப்பா எப்படி என்று கேட்கிறாள் தில்ருக்ஷி.
கோட்டையில் ஏறிய ஐந்து இருபது கோச்சி.
இருக்க இடமில்லை, என் கைப்பை
அவள் தோளில் இடித்துக்கொண்டே வருகிறது.
அவளுக்கு ஈஃபில் கோபுரம் வேண்டும்.
தேடுகிறேன். எழுநூறு படங்கள்,
பாதிக்கு மேல் குசினிகள்.

பாரிஸில் பெரியம்மா மகளின் குசினி.
லாச்சப்பலில் வாங்கிய முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டி
"வெள்ளவத்தையில இப்பிடிக் கிடைக்குமோ?" என்றாள்.
டோர்ட்முண்டில் தயாபரனின் வகுப்புத் தோழன்
கணவாய் பொரித்தபடியே
இந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை, இரு, சாப்பிடு என்றான்.
பெர்லினில் மழை, மைத்துனியின் சோபா.
வியன்னாவில் யாரையும் தெரியாது,
அதனால் அரண்மனை பார்த்தோம்.

ஆறு மாதமாகத் தயாபரன்
அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டு எழுதியது:
வண்டி எண், மேடை எண்,
மாறி ஏற எத்தனை நிமிடம்.
விசாவுக்கு அதையும் கொண்டுபோனோம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
கொப்பியைத் தொடவில்லை.
திரும்பி வருவீர்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டாள்.
வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு, வீட்டு உறுதி,
எல்லாவற்றையும் துவாரத்தின் வழியே தள்ளினோம்.

உண்மையில்
நகரங்களுக்கு நடுவில்தான் நாங்கள் சுற்றுலாப் பயணிகள்.
வெளியே சூரியகாந்தி வயல் ஓடும்,
ஒருவரும் இன்னும் கொஞ்சம் சோறு என்று சொல்லமாட்டார்கள்,
இரவு ஒன்பது மணிக்கும் வெயில்.
தயாபரன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு
வாயைத் திறந்தபடி தூங்குவார்.

மிலானில் கேதீஸ் வந்து ஏறினான்.
சித்தப்பா மகன், எனக்கு மூன்று மாதம் இளையவன்.
சூரிச் வரை தானே கூட்டிப்போவதாகப் பிடிவாதம்.
ஏரி வந்ததும் ஏரியைக் காட்டினான்,
மலை வந்ததும் மலையை,
ஏதோ தானே கட்டியதுபோல.

சியாஸோ. எல்லை. நாலு நிமிடம் நிற்கும்
என்றது கொப்பி.
பாணுக்குள் நழுவிய சீஸைச் சரிசெய்தபடி சொன்னான்:
"தொண்ணூற்றாறில நான் இதாலதான் வந்தனான்.
தக்காளி லொறி. பதினொரு மணித்தியாலம்.
எங்களோட வந்த பொடியனுக்கு இருமல்.
அவன்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது நான்தான்."
பிறகு?
"பிறகென்ன. இறங்கினம்."

காவலர் ஒருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்,
எங்கள் மூவருக்கும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.
நாலு நிமிடம் முடிய
வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.
கேதீஸ் பாணைக் கடிக்கவேயில்லை.
சுரங்கம் வந்தது, முடிகிறமாதிரி இல்லை,
கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமில்லை,
எங்கள் முகங்கள்தான்.
ஏனோ அதைப் படமெடுத்தேன்.

கொள்ளுப்பிட்டி. வலப்பக்கம் கடல்.
வாசல் கம்பியில் ஏழெட்டுப் பேர் தொங்குகிறார்கள்,
அவர்களுக்கு இடையால் வெயில் வந்து குத்துகிறது.
தில்ருக்ஷியின் விரல்
குசினி குசினியாகத் தள்ளிப்போய்
இருட்டில் வந்து நிற்கிறது.
இது எந்த நகரம்?
நகரமில்லை, ரயில்.
நடுவில் யார்?
தம்பி முறை.
பசிக்கவில்லையா அவருக்கு, கையிலேயே வைத்திருக்கிறாரே?
பம்பலப்பிட்டியில் கூட்டம் ஏற
அந்தக் கேள்வி நசுங்கிப்போனது. நல்லதாயிற்று.

வெள்ளவத்தையில் குதித்து இறங்குகிறேன்.
நகரும் வண்டியிலிருந்து அவள் கத்துகிறாள்:
"நாளைக்காவது ஈஃபில்!"
தலையாட்டுகிறேன்.
இருக்கிறது ஒரு படம். கோபுரத்தில் பாதியை
என் பெருவிரல் மறைத்திருக்கிறது.

படியேறும் இடத்தில் கையை நீட்டுகிறார் ஒருவர்.
டிக்கெட்டைக் கொடுக்கிறேன்.
எங்கிருந்து வந்தேன் என்று
அவர் பார்க்கவில்லை.